சரக்கு மாறினால் தோணி பிழைக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாதவர்கள் பாதியில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மணி அடித்த பிறகும் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவள்தானே நான். பணி ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு படம் போட்டிருந்தான். தூத்துக்குடியில் கரையேற்றிப் போட்டிருக்கும் எங்கள் குடும்பத் தோணி. பலகைகள் வெளுத்து, அடிப்பக்கம் பிளந்து கிடக்கிறது. படத்தின் கீழே ஒரு வரி: "மழைக்கு முன்னாடி உடைச்சிரலாம்னு இருக்கோம். மரத்துக்கு ஆள் வந்திருக்கு." பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். நானும் கட்டைவிரலைத்தான் தேடினேன். ஆனால் அழுத்த மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்தபோது, 2019 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் நியூயார்க்கில் ஒரு மிதக்கும் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருந்தேன். இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மகள் வீடு நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில். போன முதல் வாரமே மன்ஹாட்டனில் ஒரு பெரிய கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வெள்ளைச் சுவரில் ஒரு வெள்ளைப் படத்தின் முன்னால் நின்றபோது, கணக்குப் பாடத்தில் பதில் தெரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஏதோ புரிந்த முகத்தோடு தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மூன்று மணி நேரத்தில் கால் வலி வந்ததுதான் மிச்சம். "நவீனக் கலையெல்லாம் நமக்கு இல்லம்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை, "அத்தை, இன்னைக்கு ஒரு படகுக்குப் போறோம். அங்க நிக்க வேண்டாம், உக்காரலாம்" என்றார். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. சர்க்கஸ் என்று சொல்லி அவளை முன்பே மயக்கி வைத்திருந்தார்கள்.

காரில் பெர்த் அம்பாய் ஊரைக் கடந்து, ஸ்டேட்டன் தீவு வழியாக, வெரசானோ பாலம் ஏறி புரூக்ளினில் இறங்கினோம். அங்கே ரெட் ஹூக் என்று ஒரு பகுதி. பழைய துறைமுகப் பேட்டை. செங்கல் கிடங்குகள், கல் பாவிய தெருக்கள், மூலைக்கு மூலை துருப்பிடித்த சங்கிலி. தெரு முடிகிற இடத்தில் தண்ணீர். அதற்கு அப்பால் சுதந்திர தேவி சிலை நேர்முகமாக நம்மைப் பார்த்து நிற்கிறது. கரையோரம் சிவப்பு வண்ணம் பூசிய, கூரை போட்ட மரக் கிடங்கு ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கிடங்கு ஏன் ஆடுகிறது என்று ஒரு நொடி குழம்பினேன். பிறகுதான் புரிந்தது, அது கிடங்கு இல்லை, பார்ஜ்.

பார்ஜ் என்றால் இயந்திரமும் இல்லாத, பாயும் இல்லாத, தட்டை அடியுள்ள சரக்குத் தோணி. இழுவைப் படகு வந்து இழுத்தால்தான் நகரும். இதன் பெயர் லீஹை வேலி 79. ரயில் கம்பெனியின் பெயரும் ஒரு எண்ணும், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. ஏறத்தாழ 90 அடி நீளம், 30 அடி அகலம். 1914-இல் கட்டியது. எங்கே கட்டினார்கள் தெரியுமா? நாங்கள் காரில் கடந்து வந்தோமே, அதே பெர்த் அம்பாயில். மகள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

இது என்ன வேலை செய்தது என்று ஒரு பலகையில் எழுதியிருந்தார்கள். மகள் வாசித்துச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் காலத்தில் சரக்கு ரயில்கள் நியூ ஜெர்சிக் கரையோடு நின்றுவிடும். நடுவில் ஹட்சன் ஆறு. எதிர்க்கரையில் மன்ஹாட்டன், புரூக்ளின். ரயிலில் வந்த மூட்டைகளை பார்ஜில் ஏற்றி, இழுவைப் படகால் இழுத்து, எதிர்க்கரையிலோ நங்கூரமிட்ட கப்பலின் பக்கத்திலோ கொண்டுபோய் இறக்குவார்கள். காப்பிக்கொட்டை, மாவு, இன்னும் என்னென்னவோ. 1860-களில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்த ஊர் இந்த மர பார்ஜ்களின் முதுகில்தான் சாப்பிட்டது.

தூத்துக்குடிக்காரர்களே, இது யார் வேலை என்று தெரிகிறதா? என் அப்பா வேலை. உங்களில் பாதிப்பேருடைய தாத்தா வேலை. நம் கடல் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் பாய் விரித்துப் போய் சரக்கை வாங்கிவரும், கொடுத்துவரும். 1974-இல் புதுத் துறைமுகம் வந்தது, கப்பல் கரையோடு வந்து நின்றது. அன்றோடு அந்தப் பிழைப்பு போயிற்று. நியூயார்க்கில் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி மால்கம் மெக்லீன் என்பவர் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றி நூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் பிறந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கும், மூட்டை சுமக்கும் பார்ஜுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நூவார்க்கும் எடிசன் பக்கம்தான். பிறந்த இடமும் கொன்ற இடமும் பக்கத்துப் பக்கத்து ஊர்.

வேலை போன பார்ஜ்கள் சேற்றில் கிடந்து மக்கின. எரிந்ததும் உண்டு, மூழ்கியதும் உண்டு. இந்த 79-உம் எட்ஜ்வாட்டர் என்ற ஊரின் ஆற்றோரச் சேற்றில் புதைந்து கிடந்ததுதான். 1985-இல் டேவிட் ஷார்ப்ஸ் என்பவர் அதைத் தேடிப் பிடித்து வாங்கினார். பணக்காரரோ பேராசிரியரோ இல்லை. சுற்றுலாக் கப்பல்களில் பந்து வீசிப் பிடித்து வித்தை காட்டியவர், கோமாளி வேஷம் போடுகிறவர். பாரிசில் நாடகம் படித்தபோது சேன் நதியில் ஒரு பார்ஜில் வாழ்ந்து பழகியவர். இந்தப் பார்ஜுக்குள் இருந்து 300 டன் சேற்றை அள்ளி வெளியே கொட்டினார். ஓட்டைகளை அடைத்தார், மிதக்க வைத்தார், அதிலேயே குடும்பத்தோடு குடியிருந்தார். 1994-இல் ரெட் ஹூக் கரைக்குக் கொண்டுவந்தார். அந்த வகை மர பார்ஜ்களில் இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டு, பொதுமக்கள் ஏறிப் பார்க்கும்படி இருப்பது இது ஒன்றுதான் என்று சொன்னார்கள்.

பாலப் பலகையில் ஏறி உள்ளே போனேன். முதல் அடியிலேயே கால் அறிந்துகொண்டது. தரை லேசாக மேலே வந்தது, பிறகு இறங்கியது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது நான் தோணியில் கால் வைத்து. ஆனாலும் முழங்காலுக்கு மறக்கவில்லை. மாப்பிள்ளைதான் தூணைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே தடித்த மர உத்தரங்கள். சுவரில் பழைய கயிறுகள், கப்பிகள், மூட்டை தூக்கும் கொக்கிகள். நடுவில் ஒரு சின்ன மேடை, சுற்றிலும் பெஞ்சுகள். ஒரு பக்கம் கம்பிகளால் செய்த விசித்திரமான எந்திரம். பந்துகள் தானாக மேலேறி, சரிந்து, சுழன்று, மணியில் மோதி, கட்டையில் தாளம் போட்டு, மறுபடி மேலேறுகின்றன. ஜார்ஜ் ரோட்ஸ் என்ற சிற்பி செய்தது. இவருடைய இன்னொரு பந்து எந்திரத்தை 1983-இல் நியூயார்க் பேருந்து நிலையத்தில் பயணிகள் நடுவே வைத்தார்களாம். பேத்தி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு வயதான கறுப்பினப் பெரியவரும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. "இது என்ன சொல்ல வருகிறது?" என்று யாரும் கேட்கவும் இல்லை. எனக்கும் அந்தக் கேள்வி வரவில்லை. போன வாரம் வெள்ளைப் படத்தின் முன்னால் விட்ட மூச்சு இங்கேதான் எனக்குத் திரும்ப வந்தது.

பிறகு காட்சி. புலி, யானை இல்லாத இந்தக் காலத்து சர்க்கஸ். ஆளும் உடம்பும் மட்டும். ஓர் இளைஞர் கட்டைகளை வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று, நான்கு, ஐந்து. உத்தரத்தில் தட்டாமல் வீசவேண்டும், அந்தக் கூரை அவ்வளவு உயரம் இல்லை. அப்போது வெளியே ஏதோ படகு போயிருக்கிறது. அதன் அலை வந்து பார்ஜைத் தூக்கியது. அவர் நின்ற தரை நகர்ந்தது, கட்டை ஒன்று விலகிப் போனது. அவர் அணியம் பக்கம் அரை அடி சாய்ந்து அதைப் பிடித்தார். நாங்கள் அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து சாய்ந்தோம். எங்கள் தரையும் அதே தரைதானே! அறுபது எழுபது பேர் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே சமயத்தில் நிமிர்ந்து, சிரித்துவிட்டோம்.

எத்தனையோ நாடகம், கச்சேரி பார்த்திருக்கிறேன். மேடை ஆடும்போது பார்க்கிறவனும் ஆடுவதை அன்றுதான் கண்டேன். கரையில் இருக்கிற அரங்கில் கலைஞன் வேறு, நாம் வேறு. தண்ணீரில் இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டம். நவீனக் கலை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் இப்போது கேட்டால், அந்த அரை அடிச் சாய்வைத்தான் சொல்வேன்.

காட்சி முடிந்ததும் ஒரு சின்ன விஷயம் நடந்தது. சுவரோரம் இருந்த கொக்கி ஒன்றை நான் கையில் எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, இதை எப்படி மூட்டையின் மூலையில் குத்தி, இடுப்பைத் திருப்பி, முதுகில் ஏற்றவேண்டும் என்று காட்டினேன். "உங்க பூட்டன் இப்படித்தான் தூக்குவாரு" என்றேன். தமிழில்தான் சொன்னேன். நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். மகள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர்கள் கேள்வி கேட்டார்கள். எவ்வளவு எடை, எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், கடல் மோசமானால் என்ன செய்வார்கள். என் அப்பாவைப் பற்றி ஒரு பொது இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் மரியாதையோடு கேள்வி கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

இங்கே ஒரு பாவமன்னிப்பு. என் மாணவன் ஒருவன் இதை வாசிப்பான். இப்போது வளைகுடாவில் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் உங்களை ஓர் அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். "வரிசை கலையாதே, தொடாதே, பேசாதே" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது எனக்கு. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தோணி மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். நீ அதன் முன்னால் நின்று, "டீச்சர், பாய் தப்பா கட்டிருக்காங்க. எங்கப்பா இப்பிடிக் கட்ட மாட்டாரு" என்றாய். காவலாளி முறைத்தார். நான் உன்னை, "வாயை மூடிக்கிட்டு நட" என்றேன். நீ நடந்தாய்.

அந்தக் கூடத்தில் தோணியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீதான். தண்டல் மகன். அன்று உன்னை நிறுத்தி, எப்படிக் கட்டவேண்டும் என்று கேட்டிருந்தால் நாற்பது பிள்ளைகளுக்கும் அந்தப் பொம்மைத் தோணியில் உயிர் வந்திருக்கும். வரலாறு நடத்துவதற்காகச் சம்பளம் வாங்கியவள், எதிரே வந்து நின்ற வரலாற்றை வாயை மூடச் சொன்னேன். மன்னித்துக்கொள் தம்பி.

இனி என் கருத்து.

பழைய பொருளைக் காப்பாற்ற நமக்கு ஒரே வழிதான் தெரியும். கழுவி, வண்ணம் பூசி, வேலி போட்டு, பலகை வைத்து, "தொடாதே" என்று எழுதுவது. அப்படிக் காப்பாற்றியது இரண்டு வருஷம் புதிதாக இருக்கும். பிறகு வேலிக்குள் புல் முளைக்கும். மரப் படகுக்கு அந்த வழி அறவே ஆகாது. தண்ணீரை விட்டு எடுத்தால் பலகை காய்ந்து பிளந்துவிடும். தண்ணீரில் விட்டால் யாராவது தினமும் அடித்தளத்தில் ஊறும் நீரை இறைக்கவேண்டும். யார் இறைப்பது? அதில் இருக்கிறவன்தான், அதனால் பிழைக்கிறவன்தான். ஆக, படகுக்கு ஒரு வேலை வேண்டும்.

79-ஆம் எண் பார்ஜ் பிழைத்தது அதனால்தான். காப்பி மூட்டை போனது, அந்த இடத்தில் வித்தைக்காரர், பாட்டுக்காரர், ஓவியர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். சரக்கு மாறியது. தோணி அதேதான். கலை அந்தப் படகை அலங்கரிக்கவில்லை, அதற்கு வேலை கொடுத்தது.

இது ஓர் இடத்துக் கதையும் இல்லை. அதே புரூக்ளினில் பாலத்தடியில், 1899-இல் கட்டி காப்பி சுமந்த ஒரு பார்ஜை வாங்கி, ஓல்கா புளூம் என்ற வயலின் கலைஞர் 1977-இல் இசை அரங்காக மாற்றினார். மேரி வேலன் என்று 1938-இல் கட்டிய ஒரு பழைய எண்ணெய்க் கப்பல் ரெட் ஹூக்கில் இருந்தது. 2007-இல் அதன் தளத்தில் புச்சினியின் 'இல் தபாரோ' என்ற இசை நாடகத்தைப் போட்டார்கள். கதை என்ன? சேன் நதியில் பார்ஜ் வைத்திருப்பவன், அவன் மனைவி, மூட்டை இறக்கும் கூலிக்காரன். சரக்குப் படகின் கதை சரக்குக் கப்பலின் மேல்! பார்வையாளர்கள் கரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் யாரும் பழமோ கீரையோ பறிக்கக்கூடாது என்று சட்டம். மேரி மேட்டிங்லி என்ற கலைஞர் 2016-இல் ஒரு பார்ஜ் முழுக்க மண் நிரப்பி, பழ மரமும் கீரையும் மூலிகையும் நட்டார். ஸ்வேல் என்று பெயர். தண்ணீரில் நிற்கும் பார்ஜுக்குப் பூங்காச் சட்டம் செல்லாது. கரைக்குக் கரை கொண்டுபோய் நிறுத்தினார். ஏழைப் பேட்டைகளிலிருந்து மக்கள் ஏறிவந்து இலவசமாகப் பறித்துக்கொண்டு போனார்கள். இது கலையா, தோட்டமா, சட்டத்தை எதிர்த்து ஒரு கேள்வியா? மூன்றும்தான். கீரை பறிக்க வந்த அம்மாவுக்கு இது நவீனக் கலை என்று யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கையில் கீரை இருக்கிறது, மனதில் கேள்வி இருக்கிறது. போதாதா?

பெரிய கலைக்கூடத்தின் படியில் ஏறத் தயங்குகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உடுப்பு சரியாக இருக்கிறதா, பேச்சு சரியாக இருக்கிறதா என்ற தயக்கம். படகில் ஏற அந்தத் தயக்கம் வருவதில்லை. ஆடுகிற பலகையில் எல்லாரும் ஒரே மாதிரிதான் தடுமாறுவார்கள். கோட்டு போட்டவரும் தூணைப் பிடித்துக்கொள்வார். மிதக்கும் அருங்காட்சியகத்தின் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் டீச்சர் இல்லை.

முதல் மறுப்பு: தொழில் செத்த இடத்தில்தான் கலை வந்து குந்துகிறது. உண்மை. ரெட் ஹூக்கில் துறைமுகக் கூலிகள் போனார்கள், ஓவியர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே வாடகையும் ஏறியது. கப்பல் பழுது பார்த்த ஓர் உலர் துறையை மண் போட்டு மூடி, ஒரு பெரிய மேசை நாற்காலிக் கடைக்குக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். கலை வந்ததால் தொழிலாளி திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் கார் நிறுத்துமிடத்தில் நின்றால் அங்கே கப்பல் நின்றது யாருக்கும் தெரியாது. பார்ஜுக்குள் போனால் கொக்கி தொங்குகிறது. கலை பார்க்க வந்தவன் கொக்கியைப் பார்க்காமல் திரும்ப முடியாது. நான் கேட்பது அந்த மாதிரிக் கலை. தொழிலாளியின் வரலாற்றை மூடுகிற கலை எனக்கும் வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு: செலவு. தம்பி, இதை நீதான் கேட்பாய். மரம், ஆள், துறைமுக அனுமதி, இன்சூரன்ஸ். "அக்கா அமெரிக்கா போயிட்டு வந்து நம்ம தலையில கட்டுறாங்க" என்று உன் மனைவி சொல்வதும் கேட்கிறது. நியாயம்தான். டேவிட் ஷார்ப்ஸ் மாதிரி முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு படகோடு வாழ எல்லாராலும் முடியாது. கடலும் சும்மா விடாது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது ரெட் ஹூக் தெருக்களில் கடல் நுழைந்தது, வீடுகள் மூழ்கின. பார்ஜ் தண்ணீரோடு உயர்ந்து தண்ணீரோடு இறங்கிப் பிழைத்தது. ஒவ்வொரு தடவையும் அப்படிப் பிழைக்கும் என்று யார் உறுதி தருவார்?

எல்லாத் தோணியையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் தோணித் தொழில் இன்னும் சாகவும் இல்லை. மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போய்வருகின்றன, பாய்க்குப் பதில் இயந்திரத்தோடு. ஓடுகிற தோணி ஓடட்டும், அதுதான் அதற்கு அழகு. ஓட முடியாமல் கிடக்கிறதே ஒன்று, அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

உடைப்பதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யலாம். செலவு அதிகம் இல்லை.

ஒன்று: அளந்துகொள்ளலாம். நம் மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், படம் வரைகிறவர்கள் இருக்கிறீர்கள், ட்ரோன் வைத்துக் கல்யாணம் படம் பிடிக்கிறவர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள். ஒரு ஞாயிறு வாருங்கள். ஒவ்வொரு பலகையும் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பதிவு செய்வோம். இந்தத் தோணிகளைக் கட்டியவர்கள் வரைபடம் வைத்துக் கட்டவில்லை, கண்ணிலும் கையிலும் வைத்திருந்தார்கள். அந்தக் கண்கள் மூடிக்கொண்டு வருகின்றன.

இரண்டு: பாயில் ஓடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தோணியின் மேல் உட்கார வைத்துப் பேச விடுவோம். வீட்டுத் திண்ணையில் பேசினால் ஒரு மாதிரி வரும், தோணியில் உட்கார்ந்தால் வேறு மாதிரி வரும். என் கையில் கொக்கி வந்ததும் எனக்கு வந்ததே, அந்த மாதிரி.

மூன்று: ஒரே ஒரு மாலை அந்தத் தோணியில் ஒரு நிகழ்ச்சி. கரையில் கிடந்தாலும் பரவாயில்லை. நம் பிள்ளைகளில் பறை அடிக்கிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள், ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். பழைய பாட்டைத்தான் பாடவேண்டும் என்று இல்லை. இன்றைக்கு உங்களுக்கு என்ன சொல்ல இருக்கிறதோ அதைச் செய்யுங்கள். எனக்குப் புரியாவிட்டாலும் நான் முன் வரிசையில் உட்கார்வேன். வெள்ளைப் படத்துக்கு ஆட்டிய பொய்த் தலையாட்டல் இனி இல்லை, புரியாவிட்டால் புரியவில்லை என்று கேட்பேன்.

அந்த மாலைக்குப் பிறகு ஊர் மக்கள், "இது இருக்கட்டும்ப்பா" என்று சொன்னால், எப்படி வைத்துக்கொள்வது என்று சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம். என் ஓய்வூதியத்தில் என் பங்கைத் தருகிறேன். யாரும் வராவிட்டால், வந்தும் யாருக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால், தம்பி, நீ மரத்துக்குக் கொடுத்துவிடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வழியனுப்பாமல் உடைத்தோம் என்ற பழியாவது நமக்கு வேண்டாம்.

அன்றைக்கு ரெட் ஹூக்கில் இருந்து திரும்பும்போது பேத்தி காரில் தூங்கிப்போனாள். பெர்த் அம்பாய் பக்கம் வந்தபோது கண் விழித்து, "ஆச்சி, பூட்டன் தோணி இப்போ எங்க இருக்கு?" என்று கேட்டாள். "ஊர்லதான் இருக்கு, நீ வரும்போது காட்டுறேன்" என்றேன். அவளுக்கு இப்போது ஆங்கிலம்தான் அதிகம் வருகிறது. ஆனால் இந்த டிசம்பரில் வருகிறாள்.

மழைக்கு முன்னால் என்று போட்டிருக்கிறாய் தம்பி. டிசம்பர் வரை பொறுக்க முடியுமா? தார்ப்பாய் நான் வாங்கித் தருகிறேன்.

அளக்க வருகிறவர்கள், பாட வருகிறவர்கள், பேசக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்